ஓரியூர் மண்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

செம்மண் என்பது செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குப் புதுமையான பொருளன்று. காரைக்குடியில் ஒரு மழை பெய்தால் தெருவெல்லாம் சிவந்து ஓடும். காலையில் வெள்ளை வேட்டி உடுத்திப் புறப்பட்டவர் மாலையில் காவி வேட்டியோடு வீடு திரும்புவார். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, வேறோர் ஊரின் சிவப்பு மண்ணை ஒரு தகர டப்பாவில் அடைத்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டுகின்ற ஒருத்தியை நீங்கள் பார்த்ததுண்டா? நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவள் என்னைப் பெற்ற தாய். நான் அவளை ஆத்தா என்று அழைப்பேன்.

அந்த டப்பாவில் மூன்று பொட்டலங்கள் இருக்கும். ஒன்றில் கொப்புடையம்மன் கோயில் குங்குமம். மற்றொன்றில் குன்றக்குடித் திருநீறு. மூன்றாவது, ஓரியூர் மண். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் மூன்றையும் நெற்றியில் இட்டுவிட்டு, அதன் பிறகுதான் மாத்திரை வாங்கப் போவாள். எது குணமாக்கியது என்று கேட்டால், "எது ஆக்குனா என்ன, காச்சல் போச்சா இல்லையா?" என்பாள். நாங்கள் கிறித்தவர்கள் அல்லர். எங்கள் குலதெய்வம் ஐயனார். ஆயினும் ஆத்தாவின் கணக்கில் ஓரியூரில் இருப்பவரும் ஒரு சாமிதான். அருளானந்தர் என்னும் பெயர் அவள் வாயில் 'அருளானந்த சாமி' என்றே வரும். அவர் போர்த்துகல் நாட்டில் பிறந்தவர் என்று நான் சொன்னபோது, "இருக்கட்டும், சாமி எங்க பொறந்தா என்ன" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

என் மூன்றாம் வயதில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, வலிப்பும் கண்டதாம். ஒன்பது நாட்கள் மருத்துவமனையில் கிடந்தேனாம். மருத்துவர்கள் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அதே ஒன்பது நாட்களும் ஆத்தா என் தலைமாட்டில் ஓரியூர் மண்ணை முடிந்து வைத்திருந்தாள். அப்போது அவள் நேர்ந்துகொண்டது இரண்டு. பிள்ளை பிழைத்தால் ஓரியூரில் முடி இறக்குவது ஒன்று. அதை என் ஐந்தாம் வயதிலேயே செலுத்திவிட்டாள். இரண்டாவது, அவன் கல்லூரி வாசலை மிதித்தால் திருவாடானையிலிருந்து நடந்தே சென்று மறுபடியும் முடி இறக்குவது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் அதுவரை எவரும் இல்லை. ஆத்தா மூன்றாம் வகுப்பு. அம்மாச்சி கைநாட்டு. அப்படியிருக்க, வலிப்பு கண்டு கிடந்த மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்லூரியை நினைத்து ஏன் நேர்ந்துகொண்டாள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கேட்டால், "வாயில வந்துச்சு, சொல்லிட்டேன்" என்கிறாள்.

ஆத்தா பலகாரம் சுடும் வேலைக்குப் போகிறாள். நம் ஊர்ப் பலகாரத்தின் பெருமையை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. சீப்புச்சீடையும் தேன்குழலும் மாவுருண்டையும் கப்பலேறிப் போகின்றன. அவற்றைச் சுடுகின்ற கை எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். ஆத்தாவின் வலது முன்கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள் கறுத்துக் கிடக்கும். தேன்குழல் அச்சைப் பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வீங்கியிருக்கும். என் தந்தையார் நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது திருப்பூர்ப் பக்கம் வேலைக்குச் சென்றவர், அங்கேயே வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். மாதாமாதம் பணம் அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுதுவது முறையன்று.

சென்ற ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே ஆத்தா நேர்த்திக்கடனை நினைவுபடுத்தினாள். நான் மறுத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு வெட்கமாக இருந்தது. புதிய நண்பர்கள், புதிய சட்டை, கண்ணாடி பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்ட முடி. மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனால் பட்டப்பெயர் வைத்துவிடுவார்களே என்ற அச்சம். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. "நான் அறிவியல் படிக்கிறேன், இதையெல்லாம் நம்பமாட்டேன்" என்று சொன்னேன். கோழைத்தனத்துக்கு அறிவியலைப் போர்வையாக்கிக்கொண்டது நானாகத்தான் இருக்கும். ஆத்தா பதில் சொல்லவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளை மறுத்துப் பேசுவதற்கு ஆதாரம் தேடித்தான் அருளானந்தர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். தேவகோட்டையில் பள்ளிப்படிப்பு முடித்த நண்பன் ஒருவன் ஒரு சிறு நூலைக் கொடுத்தான். அதைப் படித்துவிட்டு நூலகத்தில் சேதுபதிகள் வரலாற்றையும் எடுத்துப் பார்த்தேன்.

ஜான் டி பிரிட்டோ 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் லிஸ்பன் நகரில் பிறந்தார். உயர்குடிப் பிறப்பு. தந்தையார் அரச ஆணையின்படி பிரேசில் நாட்டுக்கு ஆளுநராகச் சென்று அங்கேயே மறைந்தார். தாய் வளர்த்த பிள்ளை. சிறுவயதில் அரண்மனையில் இளவரசர்களுக்குத் தோழனாக இருந்தபோது பிரிட்டோ கடுமையான நோயில் விழுந்தார். மருத்துவர்கள் கைவிட்டனர். அப்போது அந்தத் தாய் என்ன செய்தாள் தெரியுமா நண்பர்களே? புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டாள்! பிள்ளை பிழைத்தால் ஓராண்டு முழுவதும் இயேசு சபையாரின் அங்கியை அவனுக்கு உடுத்துவதாக வேண்டினாள். பிள்ளை பிழைத்தது. பட்டும் சரிகையும் அணிந்த அரண்மனைச் சிறுவர்களுக்கு நடுவே அந்தப் பிள்ளை ஓராண்டு கறுப்பு அங்கி அணிந்து திரிந்தது.

இந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். மறுத்துப் பேச ஆதாரம் தேடிப் போனவனுக்கு முதல் சில பக்கங்களிலேயே இப்படி ஓர் அடி!

அன்று இரவு ஆத்தாவிடம் இதைச் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. "பின்ன? பிள்ளை படுத்துட்டா எந்த ஊருக்காரியா இருந்தா என்ன, நேந்துக்கத்தான் செய்வா" என்றாள். சற்று நேரம் கழித்து, "அந்தப் பய போட்டுக்கிட்டானா, மாட்டேன்னானா?" என்று கேட்டாள். போட்டுக்கொண்டான் என்றேன். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

பிரிட்டோ 1662இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் கோவா வந்தார். அங்கிருந்து மதுரை மறைப்பணித் தளத்துக்கு அனுப்பப்பட்டார். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, ஐரோப்பிய நடையுடைகளைத் துறந்து தமிழ்நாட்டுத் துறவியைப் போல வாழ்ந்து காட்டியவர். பிரிட்டோவும் அவ்வழியே பண்டாரசாமியாக மாறினார். காவி உடுத்தார். புலால் ஒழித்தார். கையில் கோலோடு ஊர் ஊராக நடந்தார். ஜான் என்பது அருளானந்தர் ஆயிற்று. பின்னாளில் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடுவதற்கு வழியமைத்தவர்கள் இவர்களே என்று எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் சொன்னதுண்டு.

1686இல் மறவர் சீமையில் நுழைந்தபோது பிடிபட்டார். அடியும் சிறையும் கண்டார். இராமநாதபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது ஆண்டவர் இரகுநாத கிழவன் சேதுபதி. 1710 வரை ஆண்ட பெருவேந்தர்; தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கற்கோட்டை கட்டியவர். அன்று சிவகங்கைச் சீமை தனியே பிரியவில்லை. நம் பகுதியும் அவர் ஆட்சியில் அடங்கியதே. சேதுபதி துறவியை அழைத்து விசாரித்தார். அவர் கூற்றைக் கேட்டு விடுதலையும் செய்தார். இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்பது மட்டுமே கட்டளை. கதை சொல்பவர்கள் சேதுபதியைக் கொடுங்கோலராக்கி விடுகிறார்கள். முதல்முறை உயிரோடு அனுப்பியவரும் அவரே என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சபையின் அலுவலாக அருளானந்தர் ஐரோப்பாவுக்குச் சென்றார். அங்கே அரியணையில் இருந்தவர் அவருடைய இளமைத் தோழர் இரண்டாம் பேதுரு. லிஸ்பனிலேயே தங்கிவிடுமாறு மன்னர் வற்புறுத்தினார். அரண்மனை, பதவி, வயதான தாய் எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் அடித்துத் துரத்திய மறவர் சீமை. அவர் 1690இல் மீண்டும் கோவாவில் வந்து இறங்கினார். இதை நான் பலமுறை படித்தேன். இதைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா? எங்கள் விடுதி நண்பன் ஒருவன், "அந்த ஆளுக்கு ஊர் மேல ஆசை வந்திருச்சுடா" என்றான். அவன் கூற்றே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி நிகழ்ந்ததுதான் ஆத்தாவுக்கும் எனக்கும் இடையே பெரிய பேச்சாகிவிட்டது.

தடியத் தேவர் என்னும் குறுநிலத் தலைவர் ஒருவர் தீராத நோயில் இருந்தார். அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் ஒருவர் அவர்மீது நற்செய்தி வாசகத்தை ஓதினார். நோய் நீங்கிற்று. தடியத் தேவர் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினாலன்றித் திருமுழுக்கு இல்லை என்றார் துறவி. தேவர் இசைந்தார். முதல் மனைவியை இருத்திக்கொண்டு, மற்றவர்களை உடன்பிறந்தாள் போலக் காப்பேன் என்று உறுதி சொன்னார். 1693 ஜனவரி 6ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி. அவள் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவள் அழுதுகொண்டு சேதுபதியிடம் போனாள். இரண்டே நாளில் அருளானந்தர் கைது செய்யப்பட்டார்.

இராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலகம் வரும் என்று கருதி, பாம்பாற்றங்கரையில் உள்ள ஓரியூருக்கு அனுப்பினார்கள். அங்கே 1693 பிப்ரவரி 4ஆம் நாள், புதன்கிழமை, ஆற்று மணலில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. உலகெங்கும் கத்தோலிக்கர்கள் சாம்பல் இட்டுக்கொள்ளும் விபூதிப் புதனாக அந்நாள் அமைந்தது. அதற்கு முந்திய நாள் சிறையிலிருந்து தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து எழுதினார். வேதியியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கரி எளிதில் எதனோடும் வினைபுரிவதில்லை, வெயிலிலும் வெளுப்பதில்லை. நம் கடைகளில் விற்கும் மைகளைவிட அது நீண்டநாள் நிற்கும்.

ரோமாபுரி அவருக்கு 1853இல் அருளாளர் பட்டமும், 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டமும் வழங்கியது. வள்ளல் அழகப்பர் நம் கல்லூரியைத் தோற்றுவித்ததும் அதே 1947இல்தான். இறந்து 254 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பட்டம்! நாஞ்சில் நாட்டுத் தேவசகாயம் பிள்ளைக்கும் அப்படியே. 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு 2022 மே 15ஆம் நாள்தான் புனிதர் பட்டம் கிடைத்தது. விசாரணை, சாட்சியம், புதுமைகளுக்கு மருத்துவச் சான்று என்று ரோமாபுரியில் முறைகள் பல. நம் சீமைப் பெண்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மண் சிவப்பாக இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

அந்தச் சிவப்புக்கு வருவோம். அவர் சிந்திய குருதியால்தான் ஓரியூர் மணல் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. நான்காம் பருவத்தின் தொடக்கத்தில், பேராசிரியரின் இசைவு பெற்று, ஆத்தாவின் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைத் தாளில் மடித்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். ஆத்தாவிடம் கேட்காமல் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சோதனைக் குழாயில் இட்டுச் செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சூடாக்கினேன். கரைசல் மஞ்சளாயிற்று. அடியில் தங்கிய மணல் வெளுத்துவிட்டது. மேலே பூசியிருந்த சிவப்பு மட்டும் அமிலத்தில் இறங்கிவிட்டது. வடிகட்டி, நீர்த்து, இரண்டு சொட்டுப் பொட்டாசியம் தயோசயனேட் விட்டேன். குழாய் முழுவதும் இரத்தச் சிவப்பு! பெர்ரிக் இரும்பு உண்டு என்பதற்கு இதுவே சோதனை. பாடநூலிலும் 'இரத்தச் சிவப்பு நிறம்' என்றே இருக்கிறது. பக்கத்து மேசையில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "இரும்புடா, எழுதிக்கோ" என்றான். நான் கணக்கும் போட்டேன். மனித உடலில் உள்ள இரும்பு முழுவதும் திரட்டினாலும் சுமார் 4 கிராம். ஒரு மனிதனின் குருதி ஓர் ஆற்றங்கரையையே சிவக்க வைக்க முடியாது. மணற்பருக்கைகளின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது, அவ்வளவுதான். இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடலோரங்களில் இத்தகைய செம்மணல் தேரிகள் உண்டு.

வெற்றி பெற்றவன் போல வீட்டுக்கு வந்தேன். ஆத்தா அன்று வேலை முடிந்து கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். மண் எடுத்ததையும் சோதனையையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அதுல என்ன இருக்குங்கிற?"

"இரும்பு, ஆத்தா. நம்ம ஊர்ச் செம்மண்ணுல இருக்கிற அதே இரும்பு. ரத்தம் இல்ல."

"எனக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டரம்மா ஒரு மாத்திரை குடுத்தாகளே, அது என்ன மாத்திரை?"

நான் விடை சொல்லவில்லை. அது இரும்புச் சத்து மாத்திரை. அதை அவளுக்குப் படித்துச் சொன்னவனே நான்தான்.

"ரத்தத்துல இருக்கிறதும் அதுதானப்பா" என்று சொல்லிவிட்டு ஆத்தா எழுந்து சோறு போட்டாள். தருக்க முறைப்படி அவள் கூற்றில் ஓட்டை உண்டு. அதை எடுத்துச் சொல்ல எனக்கு அன்று மனமில்லை.

அதன் பிறகு சில நாட்கள் இரவில் அவளுக்கு அந்த வரலாற்றை முழுவதும் சொன்னேன். படுத்துக்கொண்டே கேட்பாள். லிஸ்பனுக்குச் செய்தி சேர்ந்தபோது மன்னர் நன்றி வழிபாடு நடத்தியதையும், அதற்கு அருளானந்தரின் தாய் துக்க உடை உடுத்தாமல் விழாக்கால உடையில் வந்ததையும் சொன்னேன். புனிதர் வரலாறுகளில் இதைப் பெரிதாகப் போற்றியிருக்கிறார்கள். ஆத்தா நெடுநேரம் பேசாமல் இருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "ராசா கூப்பிட்டா உடுத்திக்கிட்டுத்தான் போகணும். வீட்டுக்கு வந்து அவுத்து வச்சப்ப யாரு பாத்தாக?" என்றாள்.

தடியத் தேவர் பகுதியைச் சொன்ன இரவில்தான் அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கடலாயிக்கு என்ன வயசு இருக்கும்?"

இளையவள் என்பதை மட்டும் சொன்னேன்.

"சாமி சொன்னது சரிதான். ஒருத்தனுக்கு ஒருத்திதான். நான் அதைத் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அதுக பாட்டுக்குக் கட்டிக்கிட்டு வந்துட்டாகளே, இனிமே போன்னா எங்க போகும்?"

"உடன்பிறந்தாள் மாதிரிப் பாத்துக்கிறேன்னு தேவர் சொன்னார், ஆத்தா."

"சொல்றது சுலபம்" என்றாள்.

அந்த இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. திருப்பூரிலிருந்து வராத பணத்தைப் பற்றி அவள் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. நான் படித்த நூலில் கடலாயி அழுதுகொண்டு போய் முறையிடுகிறாள், வாள் வருகிறது, அத்துடன் அவள் பெயர் மறைந்துவிடுகிறது. கதையில் பொல்லாதவளாக வந்து போவதற்கு மட்டுமே அவளுக்கு இடம். புனிதரைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். உயிரைக் கொடுத்தவரை எடை போட நான் யார்? ஆனால் ஒரு பெண் போக இடமின்றி அழுதாள் என்பதும் அந்த வரலாற்றிலேயே எழுதியிருக்கிறது. மூன்றாம் வகுப்பு படித்த என் ஆத்தா கண்ட அதை நான் இரண்டு முறை படித்தும் காணவில்லை.

"நீ முடி எடுக்க வேணாம்ப்பா. நடந்து மட்டும் வா போதும். அருளானந்த சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று தூங்குமுன் சொன்னாள். எனக்கு ஏதோ போலாயிற்று.

2026ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாளும் புதன்கிழமையாகவே அமைந்தது. இதைக் கேட்டு ஆத்தா அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. முந்தின இரவே தேவகோட்டை வழியாகத் திருவாடானை போய்ச் சேர்ந்தோம். நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் கிடையாதாகையால் எனக்கு மட்டும் சீட்டு. "ஒரு டிக்கட்டுல ரெண்டு பேரு" என்று நடத்துநரிடம் பெருமையாகச் சொன்னாள். கோயில் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு விடியுமுன் நடக்கத் தொடங்கினோம். எங்களுக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கழுத்தில் சிலுவை அணிந்தவர்களும் இருந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள். ஒருவர் தோளில் ஆட்டுக்குட்டி. ஒரு பாட்டி தென்னங்கன்று ஒன்றை இடுப்பில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு நடந்தாள். அறுப்பு முடிந்த வயல்கள். இரண்டு பக்கமும் கருவேல மரங்கள். ஆத்தா செருப்பில்லாமல் நடந்தாள். எனக்குத்தான் முள் தைத்தது.

ஓரியூரில் பேரலையெனக் கூட்டம். நான் நேரே முடி இறக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆத்தா, "வேணாம்னேனே தம்பி" என்றாள். முடி எடுப்பவர், "எடுக்கணுமா, வேணாமா? பின்னால ஆளு நிக்குது" என்றார். எடுங்கள் என்றேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்று நண்பர்கள் பிறகு கேட்டார்கள். இல்லை என்பதே உண்மை. கறுப்பு அங்கி அணிந்த அந்த அரண்மனைச் சிறுவனுக்கு மட்டும் நம்பிக்கையா இருந்திருக்கும்? தாய் நேர்ந்துகொண்டாள், உடுத்திக்கொண்டான். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அந்த மாதம் வந்த 1,000 ரூபாயிலிருந்து முடி எடுப்பவருக்கு நானே கொடுத்தேன். நான் சம்பாதித்த பணம் அன்று என்றாலும் என் பெயரில் வந்த பணம். ஆத்தா சந்தனத்தை வாங்கித் தலையில் தடவும்போது, கை கரடுமுரடாக இருந்தது. ஐந்து வயதில் தடவியதும் இதே கைதானே என்று தோன்றியது.

அவள் இரண்டு மெழுகுவத்திகள் வாங்கினாள். ஒன்றை என் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னாள். மற்றதைத் தானே ஏற்றினாள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டு மூன்றாம் முறை ஏற்றி நிறுத்தினாள்.

"அது யாருக்கு ஆத்தா? உனக்கா?"

"எனக்கென்ன. அந்தப் பிள்ளைக்கு."

"எந்தப் பிள்ளைக்கு?"

"கடலாயிக்குத்தான். முந்நூறு வருசமா ஒருத்தரும் ஏத்தியிருக்கமாட்டாக."

அருளானந்தரின் சன்னதியில் கடலாயிக்கு விளக்கேற்றுவதைப் பங்குத்தந்தை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அறியேன். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும்போது ஆத்தா குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். கொண்டுவந்திருந்த துணியில் முடிந்துகொண்டு, பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்குக் காலேசுக்கு இன்னும் வேணுமா? வேணும்னா தனியா முடிஞ்சு தாரேன். டப்பாவுல இருந்து எடுக்காத" என்றாள்.

பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. தேவகோட்டை வரை நின்றுகொண்டே வந்தோம். மறுநாள் காலை செய்முறை வகுப்பு. மொட்டைத் தலையோடு உள்ளே நுழைந்தேன். எதிர்பார்த்தபடியே பட்டப்பெயர் வைத்தார்கள். அதை இங்கே அச்சேற்ற ஆசிரியர் குழு இசையாது.